தொட்டியும் தோட்டியும்



திருக்குறள் மனனப் போட்டிக்காக நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் பயிற்சி அளித்துக்கொண்டிருந்தேன். நீத்தார் பெருமை அதிகாரத்தின் 24ஆம் குறளில் 'தோட்டி' என்றொரு சொல் வருகிறது. யானையை அடக்கப் பயன்படும் அங்குசம் என்பது அதன் பொருள். நான் பொருள் சொல்வதற்கு முன்பே பின்வரிசையில் சிரிப்பொலி எழுந்தது. "டீச்சர், தோட்டின்னா குப்பை அள்ளுறவங்கதானே? எங்க பாட்டி அப்படித்தான் திட்டுவாங்க" என்றான் ஒருவன். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஒரு மாணவன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய தந்தை குப்பை லோரியில் வேலை செய்பவர். அதை அறிந்த இருவர் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தலை நிமிராமல் கையிலிருந்த குறள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கண்டிக்க வாய் திறந்தேன், சொல் வரவில்லை. ஏனெனில் அதற்கு முந்திய வாரம் அதே வகுப்பில், வீட்டுப்பாடம் செய்யாத ஒரு மாணவனிடம், "படிக்காவிட்டால் குப்பை லோரிக்குப் பின்னால்தான் தொங்க வேண்டும்" என்று சொன்னவள் நான். அந்த வாக்கியம் என்னுடையது மட்டுமன்று. என் ஆசிரியர்கள் என்னிடம் சொன்னது. உங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள், சிலர் சொல்லியும் இருப்பீர்கள். அங்குசம் என்று பொருள் கூறிப் பாடத்தை முடித்துவிட்டேன். ஆனால், நம் வாசலில் நிற்கும் தொட்டி எப்படி வந்தது, அதைக் காலி செய்தவர்கள் யார், அந்த வேலையின் பெயர் எப்படி வசைச்சொல் ஆயிற்று என்னும் கேள்விகள் என்னுடனேயே வீடு வரை வந்தன. அவற்றுக்கு விடை தேடிப் படித்தவற்றின் தொகுப்பே இக்கட்டுரை.

எருக்குழியிலிருந்து வீதிக்கு

நம் முன்னோர் வாழ்ந்த சிற்றூர்களில் 'குப்பை' என்பது இழிசொல் அன்று. சாணமும் சாம்பலும் வாழையிலையும் காய்கறித் தோலும் எருக்குழிக்குச் சென்று, மறு பருவத்தில் வயலுக்குத் திரும்பின. எறிவதற்கென்று மிகுதியாக எதுவும் இருந்ததில்லை. மக்கள் நெருங்கி வாழும் நகரங்கள் தோன்றியபோதுதான் குப்பை ஒரு சிக்கலாக மாறியது. அங்கே எருக்குழி தோண்ட இடமில்லை. எருவைக் கேட்கும் வயலும் அருகில் இல்லை.

நமது கோலாலம்பூர் இதற்கு நல்ல சான்று. 1857ஆம் ஆண்டில் ஈயம் தேடி அம்பாங் பகுதிக்குச் சென்றவர்கள் வந்திறங்கிய ஆற்றங்கரைச் சந்திப்பே பின்னர் ஊரானது. அத்தாப்புக் கூரையும் மரச்சுவருமாக வீடுகள் நெருக்கமாக எழுந்தன. 1880ஆம் ஆண்டு சிலாங்கூரின் பிரிட்டிஷ் நிர்வாகம் கிள்ளானிலிருந்து இங்கு மாறியது. அடுத்த ஆண்டே, 1881இல், முதலில் பெருந்தீயும் பின்னர் பெருவெள்ளமும் ஊரை அழித்தன. 1882இல் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டடங்களை எழுப்ப வேண்டும் என்று வற்புறுத்தினார். செங்கற்சூளைகள் பெருகிய பகுதியே இன்று நாம் பிரிக்பீல்ட்ஸ் என்று அழைக்கும் இடம்.

கல் வீடுகள் தீயைத் தடுத்தன, அழுக்கைத் தடுக்கவில்லை. 1890ஆம் ஆண்டில் சுகாதார வாரியம் ஒன்று அமைக்கப்பட்டது. தெரு விளக்கு, வடிகால், சந்தை, தெருக் கூட்டல், குப்பை அகற்றல் ஆகிய யாவும் அதன் பொறுப்பாயின. இன்றைய கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் முதல் வேர் இதுவே. தலைநகரின் ஆட்சியமைப்பு அதன் குப்பையிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் தொடங்கிற்று என்றால் அது மிகையாகாது.

பாரிஸ் நகரின் மூன்று பெட்டிகள்

இதே காலத்தில் பாரிஸ் நகரில் நடந்த ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். அந்நகரை நிர்வகித்த அதிகாரி ஒய்ழேன் புபெல், 1883ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு கட்டடத்தின் உரிமையாளரும் மூடியுள்ள குப்பைப் பெட்டிகளை வைக்க வேண்டும்; அழுகும் பொருள்களுக்கு ஒன்று, காகிதத்துக்கும் துணிக்கும் ஒன்று, உடைந்த பாண்டங்களுக்கும் சிப்பி ஓடுகளுக்கும் ஒன்று என மூன்றாகப் பிரிக்க வேண்டும். 1884ஆம் ஆண்டு சனவரியில் ஆணை நடைமுறைக்கு வந்தது. கட்டட உரிமையாளர்கள் செலவுக்கு அஞ்சி முணுமுணுத்தார்கள். தெருக்குப்பையில் காகிதமும் துணியும் பொறுக்கிப் பிழைத்த ஏழைகள் வயிற்றில் அடிக்கிறார்களே என்று எதிர்த்தார்கள்.

எதிர்ப்பாளர்களின் நோக்கம் எதுவாயினும், மக்கள் அந்தப் பெட்டிக்கு அதிகாரியின் பெயரையே சூட்டிவிட்டார்கள். இன்றும் பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்குப் பெயர் 'புபெல்'தான். ஆணையிட்டவரின் பெயர் மொழியில் நிலைத்தது. பெட்டியைத் தூக்கியவர்களின் பெயர் ஒன்றுகூட நிலைக்கவில்லை. நம் மொழியிலோ தூக்கியவருக்கும் ஒரு பெயர் நிலைத்தது. அது அவர் விரும்பிக் கேட்ட பெயரன்று.

கப்பலேறி வந்த சொல்

மலாயாவுக்கு வந்த தமிழர் என்றதும் நமக்கு இரப்பர் தோட்டமே நினைவுக்கு வரும். ஆனால் இரயில் பாதை, பொதுப்பணித் துறை, நகராண்மை ஆகியவற்றின் வேலைகளுக்கும் தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் அமர்த்தப்பட்டார்கள். 1907ஆம் ஆண்டு இந்தியக் குடிநுழைவுக் குழு அமைக்கப்பட்டு, தொழிலாளர்களைக் கொண்டுவரும் செலவுக்கென ஒரு நிதியும் உருவாக்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் மட்டுமின்றி, தமிழ்த் தொழிலாளர்களை வைத்திருந்த அரசுத் துறைகளும் அந்நிதிக்குப் பணம் செலுத்தின. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்தது. கங்காணி முறை தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தும் வரை இது நீடித்தது.

நகராண்மையின் வேலைகள் பலவகை. தெருக் கூட்டுதல், கால்வாய் வாருதல், மாட்டு வண்டியில் குப்பை ஏற்றுதல் ஆகியவை பகல் வேலைகள். இரவிலும் விடியலிலும் நடந்த வேலை வேறு. கழிவுநீர்க் குழாய்கள் இல்லாத அக்காலத்தில் கழிப்பறையின் அடியில் வாளி இருக்கும். அதை எடுத்துவிட்டு வேறு வாளி வைக்க ஆள் வருவார். கடைவீடுகளின் பின்புறத்தில் இன்று நாம் காணும் பின்சந்துகள் வெறும் குறுக்கு வழிகள் அல்ல. 1907ஆம் ஆண்டு சிங்கப்பூரின் சுகாதார நிலை குறித்து அறிக்கை அளித்த மருத்துவ அறிஞர் சிம்சன், நெருக்கமான கடைவீட்டு வரிசைகளுக்குப் பின்னே சந்துகளைத் திறக்கப் பரிந்துரைத்தார். காற்றும் வெளிச்சமும் வர வேண்டும் என்பது ஒரு காரணம்; கழிவை வீட்டின் நடுவே சுமந்து செல்லாமல் பின்வழியே எடுத்துச் செல்ல வேண்டும் என்பது மற்றொன்று. சீனரும் தமிழருமாகப் பலர் அந்த வேலையைச் செய்தார்கள். 1970களிலும் பல சிற்றூர்களில் வாளிக் கழிப்பறைகள் இருந்ததை மூத்தோர் நினைவுகூர்வார்கள்.

தமிழகச் சிற்றூரில் 'தோட்டி' என்பது பிறப்பால் சுமத்தப்பட்ட பணி. ஊர்க் காவல், செய்தி சொல்லுதல் போன்ற ஏவல்களோடு துப்புரவும் அதில் அடங்கும். ஆங்கிலேயர் இச்சொல்லைத் தம் பேச்சில் எடுத்துக்கொண்டார்கள். 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியில் இதற்குத் தனிப் பதிவே உண்டு. ஊரில் சாதியின் பெயரால் விதிக்கப்பட்ட வேலை இங்கே மாதச் சம்பளமும் லயத்து வீடும் தரும் நகராண்மை வேலையாயிற்று. நிலை மாறியது. ஆனால் ஊரில் இருந்த பெயரை நாம் மூட்டையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். வெள்ளைக்காரர் நம்மைக் 'கூலி' என்று அழைத்ததை இன்றும் மனவலியோடு பேசுகிறோம். நம்முள் ஒருவரை நாம் அழைத்த பெயரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

இந்தப் புலம்பெயர்வு மலாயாவோடு நிற்கவில்லை. தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் மலையாளத்தில் எழுதிய 'தோட்டியின் மகன்' நாவலின் களம் கேரளத்தின் ஆலப்புழை. அங்கே வாளி தூக்குவோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சென்ற தமிழர்கள். தன் மகன் இந்த வேலைக்கு வரக்கூடாது என்று ஒரு தந்தை படும் பாடே கதை. சுந்தர ராமசாமியின் தமிழாக்கத்தில் அது கிடைக்கிறது. ஆசிரியர்கள் அவசியம் படிக்க வேண்டிய நூல்.

இன்னொன்றையும் மறந்துவிடக்கூடாது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. நம் தமிழ்ப்பள்ளிகள் பல அப்படித்தான் பிறந்தன. பால் வெட்டியவர், தண்டவாளம் போட்டவர், கால்வாய் வாரியவர் ஆகியோரின் பிள்ளைகளுக்காக எழுந்த பள்ளி இது. அத்தகைய பள்ளியில் நின்றுகொண்டுதான் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

கேள்வி கேட்கும் உரிமை

குப்பை எடுக்க வரவில்லை என்றால் யாரிடம் முறையிடுவது? ஒரு காலத்தில் இதற்குத் தெளிவான விடை இருந்தது. 1952ஆம் ஆண்டு கோலாலம்பூர் நகராண்மைக்கு முதல் தேர்தல் நடந்தது. வட்டார உறுப்பினரை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள்; சாக்கடை அடைத்தாலும் குப்பை நாறினாலும் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். 1961இல் தலைநகரம் ஆணையர் ஒருவரின் பொறுப்பில் வந்தது. 1965இல், இந்தோனேசியாவுடனான முரண்பாட்டுக் காலத்தில், நாடு முழுவதும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களின் செயற்பாட்டை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்திற்குத் தலைமை ஏற்றவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் தொடர வேண்டும் என்றே அவ்வாணையம் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தோடு நியமன முறையே நிலைபெற்றது.

1972ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் கோலாலம்பூர் மாநகரானது. மாட்டு வண்டியின் இடத்தில் லோரியும், பின்னர் குப்பையை அழுத்தும் இயந்திரம் பொருத்திய லோரியும் வந்தன. 1997ஆம் ஆண்டு முதல் குப்பை அகற்றும் பணி கட்டங்கட்டமாகத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. நகராண்மை ஊழியர் என்னும் அடையாளத்தோடு தந்தையும் மகனும் பார்த்த வேலையில் இன்று வெளிநாட்டுத் தொழிலாளர் பலரும் இருக்கிறார்கள். நம்மவர் முற்றாக நீங்கிவிடவில்லை. பேச்சில் நீங்கிவிட்டது போல் பாவிக்கிறோம்.

நம் வாசலில் இன்று

2007ஆம் ஆண்டு நாடாளுமன்றம் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டத்தை இயற்றியது. 672ஆம் எண்ணுடைய அச்சட்டம் 2011 செப்டம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. கோலாலம்பூர், புத்ராஜெயா, ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகியவை அதன்கீழ் வந்தன. சிலாங்கூர், பினாங்கு, பேராக் மாநிலங்கள் அப்போது இணையாமல் தத்தம் வழியில் நிர்வகித்தன.

இச்சட்டம் நடப்பிலுள்ள தாமான்களில் 'இரண்டும் ஒன்றும்' என்னும் முறை பின்பற்றப்படுகிறது. வாரத்தில் இரண்டு நாள் சமையலறைக் குப்பை எடுக்கப்படும். ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள்களும் தோட்டக் கழிவும் பழைய மெத்தை, நாற்காலி போன்ற பெரும் பொருள்களும் எடுக்கப்படும். சக்கரம் பொருத்திய 120 லிட்டர்த் தொட்டி வீட்டுக்கு ஒன்று. அதை வேலிக்கு வெளியே, ஆள் எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். 2015 செப்டம்பர் 1 முதல் குப்பையை வீட்டிலேயே பிரிப்பது கட்டாயமாயிற்று. 2016 சூன் 1 முதல், பிரிக்காத தரை வீடுகளுக்கு முதல் முறை 50 வெள்ளி, இரண்டாம் முறை 100 வெள்ளி, மூன்றாம் முறை 500 வெள்ளி எனத் தண்டம் வகுக்கப்பட்டது. நீதிமன்றம் சென்றால் 1,000 வெள்ளி வரை ஆகலாம். பாரிஸ்வாசிகள் 1884இல் கற்கத் தொடங்கிய பாடத்தை நாம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறோம். பள்ளியில் நீலம் காகிதத்துக்கு, பழுப்பு கண்ணாடிக்கு, செம்மஞ்சள் அலுமினியத்துக்கும் நெகிழிக்கும் என்று மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை, வீட்டில் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டுவதைப் பார்க்கிறது.

தலைநகரின் குப்பை ஜிஞ்சாங் அருகிலுள்ள தாமான் பெரிங்கின் மாற்று நிலையத்தில் அழுத்தப்பட்டு, பெரிய லோரிகளில் வடக்கே புக்கிட் தாகார் நிலநிரப்பிடத்திற்குச் செல்கிறது. வீட்டுக் குப்பையில் பெரும் பங்கு உணவுக் கழிவு. எருக்குழிக்குப் போயிருக்க வேண்டியது, பல மைல் பயணம் செய்து மண்ணுக்குள் புதைகிறது.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பள்ளிகள் மூடப்பட்டன, நாங்கள் கைப்பேசி வழியே பாடம் நடத்தினோம். அந்த நாள்களிலும் குப்பை லோரி வந்தது. யாருடைய முகமூடி, யாருடைய மெல்லிழைத்தாள் என்று தெரியாமலேயே எடுத்துச் சென்றார்கள். மருத்துவர்களுக்கும் தாதியர்களுக்கும் கைதட்டினோம், அது தகும். தட்டிய கைகளில் எத்தனை இவர்களுக்காகவும் தட்டின என்று நான் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

படிவத்தில் ஒரு திருத்தம்

தேர்ச்சி அறிக்கை பெறும் நாளில் அம்மாணவனின் தந்தை வந்திருந்தார். மாணவர் விவரப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'லோரி ஓட்டுநர்' என்று அவன் எழுதியிருந்தான். அவர் அதைப் படித்துவிட்டு மெதுவாகச் சிரித்தார். "நான் ஓட்டலைங்க டீச்சர், பின்னால நிக்கிறவன். உங்க தாமானும் எங்க ரூட்டுதான்" என்றார். மகன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவரிடம் நான் கேட்டேன், "எங்களைப் போன்றவர்கள் உங்களுக்கு என்ன செய்தால் உதவியாக இருக்கும்?" மரியாதை, நன்றி என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "கண்ணாடி உடைஞ்சா பேப்பர்ல நல்லா சுத்திப் போடச் சொல்லுங்க டீச்சர். சத்தே குச்சியை முனை உடைச்சுப் போடச் சொல்லுங்க. கையுறை போட்டாலும் குத்திடும்" என்றார். உள்ளங்கையைக் காட்டினார். கோடுகளாகத் தழும்புகள். அதற்குச் சில வாரங்களுக்கு முன் எங்கள் வீட்டில் உடைந்த இரண்டு கண்ணாடிக் குவளைகளை நான் எப்படிப் போட்டேன் என்பது எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

மறு வாரம் வகுப்பில் முதலில் நான் சொன்ன வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினேன். "இதை ஆசிரியர் சொன்னேன், சொல்லியிருக்கக்கூடாது" என்றேன். மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆசிரியர் மன்னிப்புக் கேட்பது அவர்களுக்குப் புதிது, எனக்கும் புதிது. பின்னர் தொட்டி, தோட்டி என்னும் இரு சொற்களை எழுதி, குறிலும் நெடிலும் பொருளை மாற்றுவதை விளக்கினேன். இரண்டாவது சொல்லுக்கு மூன்றாவது வரியில் 'அங்குசம்' என்றும், நான்காவது வரியில் 'நாம் ஒருவரைத் திட்டப் பயன்படுத்தக்கூடாத சொல்' என்றும் எழுதினேன். இன்று நாம் சொல்ல வேண்டியது 'துப்புரவுப் பணியாளர்'. பெயரை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் பெயரைக்கூட மாற்றாதவர்கள் வேறெதை மாற்றுவார்கள்?

அன்று மாணவர்கள் பழைய நாளிதழில் உடைந்த கண்ணாடியைச் சுற்றும் விதத்தைப் பயின்றார்கள். உண்மையான கண்ணாடிக்குப் பதில் அட்டைத் துண்டு. சுற்றி, நாடா ஒட்டி, மேலே பெரிய எழுத்தில் 'கண்ணாடி' என்று எழுத வேண்டும். எந்த மொழியில் எழுதுவது என்று ஒருவன் கேட்டான். தமிழிலா, மலாயிலா? எனக்கு விடை தெரியவில்லை. சன்னலோரம் இருந்த அந்த மாணவன்தான் எழுந்தான்.

"காச்சான்னு மலாய்ல எழுதுங்க டீச்சர். அப்பாகூட வேலை செய்றவங்க மூணு பேருக்குத் தமிழ் தெரியாது" என்றான்.

அனைவரும் அப்படியே எழுதினார்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வீட்டில் நாளிதழைக் கேட்டால் கொடுத்து உதவுங்கள். ஆசிரியர்களே, பிள்ளைகளைப் படிக்கத் தூண்ட ஆயிரம் வழிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றை மட்டும் நாம் இனிக் கைவிடலாம்.